யோசனையும் மனசும்: ஆக்கள் என்னட்ட அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நான் மட்டக்களப்புல உளவளத்துணை வேலை செய்றன், பதினஞ்சு வருசத்துக்குக் கிட்ட ஆகுது. வாகரையில இருந்து திருக்கோவில் வரைக்கும் பாலர் பாடசாலை, கோயில் மண்டபம், பள்ளிக்கூடம், மாதர் சங்கக் கூட்டம் எண்டு எல்லா இடத்துலயும் இருந்து கதச்சிரிக்கன். எங்க போனாலும் கடைசியா ஆரோ ஒராள் எழும்பி, "மிஸ், அறிவு ஒண்டு சொல்லுது, மனசு ஒண்டு சொல்லுது, நான் எதக் கேக்கிற?" எண்டு கேப்பாங்க. அந்தக் கேள்வியும் அதோட ஒட்டி வாற கேள்விகளும் இஞ்ச இரிக்கு, எனக்குத் தெரிஞ்ச மட்டுல பதில் எழுதியிரிக்கன். ஆக்கள்ட கதை வாற இடத்துல ஊரயும் விசயத்தயும் கொஞ்சம் மாத்தித்தான் எழுதின, ஏனெண்டா அது அவங்கட கதை.

அறிவும் உணர்ச்சியும் ரெண்டு வேற வேற சாமானா?

முதல்ல நாங்க கதைக்கிற கதையக் கவனிச்சுப் பாருங்க. "அம்மா சரியான யோசனயில இரிக்கா" எண்டு ஆராவது சொன்னா என்னத்த விளங்கிக் கொள்ளுவீங்க? அம்மா கவலப்பட்டுக்கிட்டு இரிக்கா எண்டுதானே. செத்த வீட்டுக்குப் போய் கையப் புடிச்சுக்கிட்டு "யோசிக்காதீங்க" எண்டு சொல்றம், கட்டாருக்குப் போற பொடியனும் வாசல்ல நிண்டு தாய்க்கு அதத்தான் சொல்றான். ஒரு விசயத்த ஆராயிறதுக்கும் அதுக்காகக் கவலப்படுறதுக்கும் எங்கட வாயில ஒரே சொல்லுத்தான் இரிக்கு. மனசு எண்ட சொல்லும் அப்பிடித்தான், மனக்கணக்குப் போடுறதும் மனசு, நோகுறதும் மனசு. பழைய தமிழ்ல உணர்றது எண்டா அறியிறது, விளங்கிக் கொள்றது எண்டுந்தான் அர்த்தம். உணர்ச்சி எண்டாலே அழுகையும் ஆத்திரமும் எண்டு நாங்க இப்பதான் சுருக்கி வெச்சிரிக்கம், அது எனக்குச் சரியான கவலை.

மூளைக்குள்ளயும் ரெண்டையும் வேலி போட்டுப் பிரிக்க ஏலாது. இடப்பக்க மூள அறிவு, வலப்பக்க மூள உணர்ச்சி எண்டு டியூசன் கிளாஸ்ல கூட சொல்லிக் குடுக்கிறாங்க, அது பிழை. அமிக்டலா எண்டு வாதுமைப் பருப்பு மாதிரி ஒரு சின்னப் பகுதி மூளைட ரெண்டு பக்கமும் உள்ளுக்கு இரிக்கு, பயத்தோட அதுக்குக் கூடுதலான தொடர்பு இரிக்கு, ஆனா எதக் கவனிக்கணும், எத ஞாபகத்துல வெச்சிரிக்கணும் எண்டுறதுலயும் அதுக்குப் பங்கிரிக்கு. நெத்திக்குப் பின்னால இரிக்கிற முன்மூளையத் திட்டம் போடுற இடம் எண்டு சொல்லுவாங்க. அதுட கீழ்ப் பகுதிதான் இது நல்லம், இது கூடாது, இது எனக்கு வேணும் எண்டு ஒவ்வொண்டுக்கும் பெறுமதி போடுறது. இந்த இடங்கள் எல்லாத்துக்கும் இடையில போக வர நரம்புப் பாதை இரிக்கு, ஒரு பக்கம் மட்டும் கட்டளை போடுற ஏற்பாடு அங்க இல்ல.

உணர்ச்சியே இல்லாட்டி நல்ல முடிவு எடுக்கலாந்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஆக நேரம் எடுத்துப் பதில் சொல்றது, ஏனெண்டா இதுதான் பெரிய பிழையான நம்பிக்கை.

அன்ரோனியோ டமாசியோ எண்டு ஒரு நரம்பியல் மருத்துவர் 1994ல எழுதின புத்தகத்துல எலியட் எண்டு பேர் மாத்திச் சொல்ற ஒரு நோயாளிட கதை இரிக்கு. நல்ல வேலை, குடும்பம் எல்லாம் இருந்த மனுசன். நெத்திக்குப் பின்னால ஒரு கட்டி வந்து ஒப்பரேசன் செஞ்சு எடுத்தாங்க, அதோட முன்மூளையிலயும் ஒரு பகுதி பழுதாப் போச்சு. மறுகா சோதிச்சுப் பாத்தா புத்திக் கூர்மைச் சோதனையில ஒரு குறையும் இல்ல, ஞாபகம் நல்லம், கதை நல்லம், கணக்கு நல்லம். ஆனா மனுசனால வாழ்க்கைய நடத்த முடியல்ல. ஒபிஸ்ல ஃபைல் அடுக்கச் சொன்னா திகதிப்படி அடுக்கிறதா, அளவுப்படி அடுக்கிறதா எண்டு ஒரு பின்னேரம் முழுக்க இருந்து ஆராய்வாராம். வேலை போச்சு, தொழில் தொடங்கிக் காசு போச்சு, குடும்பமும் பிரிஞ்சு போச்சு. இவ்வளவையும் டொக்டருக்குச் சொல்லேக்க அவர்ட கண்ணுல ஒரு துளி கவலை இல்ல, வேற ஆரோ ஒராள்ட கதையச் சொல்ற மாதிரிச் சொன்னாராம். கோரமான படங்களக் காட்டினாலும் முந்தி மாதிரி ஒண்டும் தோணுதில்ல எண்டு அவரே சொல்லியிரிக்கார்.

அதே மாதிரிப் பழுது வந்த இன்னொராள்ட்ட அடுத்த முறை வாறதுக்கு ரெண்டு திகதி குடுத்து, எது வசதி எண்டு கேட்டிரிக்கார் டமாசியோ. அந்தாள் டயரிய எடுத்து வெச்சுக்கிட்டு கிட்டத்தட்ட அரை மணித்தியாலம் காரணம் சொல்லிக்கிட்டே இருந்தாராம், அண்டைக்கு வேற வேலை, இண்டைக்கு மழை வரலாம், அதுக்கு முதல் நாள் இன்னொரு பயணம் எண்டு. கடைசியா "ரெண்டாவது திகதிக்கே வாங்க" எண்டு டொக்டர் சொன்ன உடன "சரி" எண்டு டயரிய மூடிட்டுப் போயிட்டார்.

காரணம் சொல்றதுக்கு அவருக்கு ஏலும், ஒரு காரணத்த விட இன்னொண்டு பெருசு எண்டுறதுதான் மனசுல தைக்குதில்ல. நாங்க சந்தையில மீன் வாங்கேக்க நடக்கிறத நெனச்சுப் பாருங்க. செவுளத் தூக்கிப் பாத்த உடன, மணம் மூக்குல பட்ட உடன ஒரு "சீ" வருது, கை தானா அடுத்த கூறுக்குப் போகுது. அந்தச் "சீ" இல்லாட்டி ஒவ்வொரு மீனுக்கும் கணக்குப் போட்டுக்கிட்டு வெயில் ஏறும் வரைக்கும் அங்கயே நிக்க வேண்டியதுதான். உங்கட அம்மம்மா அம்பது வருசம் மீன் வாங்கின அறிவெல்லாம் அந்தச் "சீ"க்குள்ள அடங்கி இரிக்கு.

அறிவு சரியா இருந்து உணர்ச்சி மட்டும் வராட்டி ஒராள நம்பக் கூட ஏலாதா?

ஏலாமப் போற நோய் ஒண்டு இரிக்கு. கப்கிராஸ் எண்டு ஒரு பிரெஞ்சு மருத்துவர் 1923ல எழுதினார், அதனால அவர்ட பேர்லதான் சொல்றாங்க. நோயாளிக்குத் தாய்ட முகம் நல்லாத் தெரியும், மூக்கு, கண், மச்சம் எல்லாம் சரி எண்டு சொல்லுவார், ஆனா "இவ என்ட அம்மா இல்ல, அம்மா மாதிரியே வேசம் போட்ட வேற ஆரோ" எண்டு நிப்பார். பிறகு ஆராய்ஞ்சவங்க என்ன கண்டாங்க எண்டா, சொந்தக்காரர்ட முகத்தக் கண்டா எங்கட தோலுல லேசா ஒரு வேர்வை மாற்றம் வரும், எங்களுக்கே தெரியாது, கருவி வெச்சுத்தான் அளக்கலாம். இவங்களுக்கு அது வாறதில்ல. முகம் தெரியுது, ஆனா அந்தச் சொந்தம் உடம்புல எழும்புதில்ல, அதுக்கு மூள ஒரு காரணம் தேடி "வேசக்காரி" எண்டு முடிவெடுக்குது. இது ஒண்டு மட்டுந்தான் காரணம் எண்டு ஆராய்ச்சியாளர் சொல்றதில்ல. எண்டாலும் "அம்மா" எண்டு அறியிறதுக்குள்ள எவ்வளவு உணர்ச்சி இரிக்கு எண்டு இத வாசிச்ச அண்டைக்கு எனக்கு நித்திர வரல்ல.

நெஞ்சு இடிக்கிறதால பயமா, பயத்தால நெஞ்சு இடிக்குதா?

2012ம் ஆண்டு ஏப்ரல் 11ம் திகதி எங்கட பக்கத்து ஆக்களுக்கு மறக்காது. பின்னேரம் ரெண்டு மணி கழிஞ்சு சுமாத்திராவுக்கு அங்கால 8.6 அளவுல பூமி அதிர்ந்து, இலங்கைக் கரையோரத்துக்கும் சுனாமி எச்சரிக்கை வந்திச்சு. அண்டைக்கு நான் கல்லடியில பெரியம்மாட வீட்ட இருந்தன். அவ 2004ல நாவலடியில வீட்டையும் ஆக்களையும் இழந்தவ. ரோட்டால ஒரு பொடியன் சைக்கிள்ல "கடல் வருதாம்" எண்டு கத்திக்கிட்டுப் போனான். பெரியம்மா அரிசி கழுவிக்கிட்டு இருந்தவ, அந்தச் சட்டிய நிலத்துல வெச்சதும் தெரியா, என்ட கையப் புடிச்சதும் தெரியா, நாங்க பாலத்தடிக்கு வந்த பிறகுதான் அவ "என்ன மகள், கடலா?" எண்டு கேக்கிறா. கால்ல செருப்பில்ல, கையில இன்னும் ரெண்டு மூண்டு அரிசி ஒட்டிக் கிடக்கு. அண்டைக்குப் பெரிய அலை வரல்ல, பூமித் தட்டு பக்கவாட்டா நகர்ந்ததால கடல் தண்ணி பெருசா எழும்பல்ல எண்டு பிறகுதான் சொன்னாங்க.

வில்லியம் ஜேம்ஸ் எண்ட அமெரிக்கர் 1884லயே இதத்தான் எழுதினார், உடம்புல நடக்கிற மாற்றத்த நாங்க உணர்றதுதான் உணர்ச்சி எண்டு. நாங்க பயந்து ஓடுறம் எண்டு நெனக்கிறம், அவர் சொல்றார் ஓடுறதாலதான் பயப்படுறம் எண்டு. அது முழுசாச் சரியில்ல எண்டு மறுகா வந்தவங்க காட்டினாங்க. ஒரே நெஞ்சிடிதான், கலியாணத்துக்கும் வருது, சோதினைக்கும் வருது, அதுக்குப் பேர் வெக்கிறதுக்கு எங்க நிக்கிறம், என்ன நடக்குது எண்ட விளக்கமும் வேணும். ஆனா உடம்பு இல்லாம உணர்ச்சி இல்ல எண்டுறது நிண்டிட்டு. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எண்டு எட்ட எண்ணி வெச்சு அதுக்கு மெய்ப்பாடு எண்டு பேர் வெச்சிரிக்கு. மெய் எண்டா உடம்பு. மெய்யில படுறது, மெய்யில தெரியிறது. ஏ எல் படிக்கேக்க இத மார்க்ஸுக்காகப் பாடமாக்கினன், பெரியம்மாட கையில ஒட்டின அரிசியக் கண்ட பிறகுதான் அந்தச் சொல் எனக்கு விளங்கிச்சு.

உடம்பு சொல்றத மூள பிழையா விளங்கிக் கொள்ளுமா?

விளங்கும், அடிக்கடி. 1974ல டட்டன், ஆரன் எண்டு ரெண்டு பேர் கனடாவுல கப்பிலானோ தொங்கு பாலத்துல ஒரு சோதனை செஞ்சாங்க. ஆடுற பாலம், கீழ பெரிய பள்ளம். அதக் கடந்து வாற ஆம்பிளயள்ட்ட ஒரு பொம்புளப் புள்ள நிண்டு கேள்வி கேட்டு, விளக்கம் வேணுமெண்டா எடுங்க எண்டு ஃபோன் நம்பர் குடுத்தா. ஆடாத சின்னப் பாலத்துல நிண்ட ஆக்கள விட இந்தப் பாலத்தால வந்தவங்கதான் கூடுதலா அவக்கு ஃபோன் எடுத்தாங்க. பாலத்தால வந்த நெஞ்சிடிய அந்தப் புள்ளயால வந்த நெஞ்சிடி எண்டு எடுத்திரிக்காங்க எண்டுறதுதான் அவங்கட விளக்கம்.

எனக்கு இது முக்கியமாப் படுறது வேற ஒரு காரணத்துக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு படபடத்து, மூச்சு எடுக்க ஏலாம, "நான் சாகப் போறன்" எண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய், ஈசிஜி எடுத்து ஒண்டுமில்ல எண்டு திருப்பி அனுப்பின ஆக்கள் என்னட்ட வருவாங்க. பதகளிப்புல நெஞ்சு இடிக்கும், இடிக்கிறதக் கண்டு ஹார்ட் அட்டாக் எண்டு யோசிக்கிற, அந்த யோசன இன்னும் இடிக்க வெக்கும், அப்பிடியே ஏறிக்கிட்டுப் போகும். அது நடிப்பில்ல, விசரும் இல்ல. ஆனா முதல் முறை நெஞ்சுல நோ வந்தா அது பதகளிப்பு எண்டு நீங்களே முடிவெடுக்க வேணாம், கட்டாயம் டொக்டர்ட்டக் காட்டுங்க.

பயமே இல்லாத ஆக்கள் இரிக்காங்களா?

இரிக்காங்க, சரியான குறைவு. அமெரிக்காவுல ஒரு பொம்புளைக்கு ஒரு பரம்பரை நோயால ரெண்டு பக்க அமிக்டலாவும் அழிஞ்சு போச்சு, ஆராய்ச்சியில எஸ்எம் எண்டுதான் அவட பேர் வரும். பாம்பக் கண்டாலும் புடிக்கப் போவா, பயப்பட மாட்டா. கேக்க நல்லாத்தான் இரிக்கு, ஆனா கத்தியோட வந்தவனும் துவக்கோட வந்தவனும் அவவ மறிச்ச சம்பவங்கள் அவட வாழ்க்கையில நடந்திரிக்கு, ஒதுங்கிப் போக வேண்டிய இடம் அவக்குத் தெரியிறதில்ல. பிறகு 2013ல வந்த ஆராய்ச்சியில கரியமில வாயு கலந்த காத்தச் சுவாசிக்கக் குடுத்தா அவ பயந்து கத்தியிரிக்கா, அப்ப அமிக்டலாதான் பயத்துக்கு ஒரே வீடு எண்டதும் சரியில்ல எண்டு தெரிஞ்சிச்சு. "அஞ்சுவது அஞ்சாமை பேதைமை" எண்டு குறள்ல இரிக்கு, அஞ்ச வேண்டியதுக்கு அஞ்சுறது அறிவார் தொழில் எண்டு அதே குறள்தான் சொல்லுது. பயத்த அறிவுக்கு எதிரா நிறுத்தாம, அறிவுட வேலையாவே வள்ளுவர் வெச்சிரிக்கார்.

கோபத்துல எடுக்கிற முடிவெல்லாம் பிழையா?

கோபத்துல அடிக்கிறது பிழை, மெசேஜ் அனுப்புறது அனேகமாப் பிழை. ஆனா கோபம் எண்டாலே அறிவு போச்சு எண்டு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப் போக ஏலாது, அதுவும் எங்கட ஊர்ல இருந்துக்கிட்டு.

வைகாசி வந்தா காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் எண்டு எங்கட பக்கத்துக் கண்ணகை அம்மன் கோயிலெல்லாம் கதவு திறக்கும். கண்ணகிட கதையப் பாட்டாச் சொல்ற வழக்குரை படிப்பாங்க. எத்தினை தரம் கேட்டிரிக்கம் அந்தக் கதைய, ஆனா ஒரு விசயத்தக் கவனிச்சீங்களா, அம்மன் ஆத்திரத்தோட பாண்டியன்ட சபைக்குப் போய் வெறுமனே கத்திட்டு வரல்ல. என்ட சிலம்புக்குள்ள மாணிக்கம், உங்கட சிலம்புக்குள்ள என்ன எண்டு கேட்டு, எல்லாருக்கும் முன்னால உடச்சுக் காட்டுறா. அது சாட்சியோட பேசின வழக்கு. அந்தக் கோபம் இல்லாட்டி தனியா ஒரு பொம்புள அரமனை வாசலுக்குப் போயிரிக்க மாட்டா, வழக்குப் பேச அறிவில்லாட்டி போன கோபத்துக்கு நீதி கிடச்சிரிக்காது. மறுகா ஊரே எரியிற அளவுக்கு அது கூடிப் போகுது. அதுக்குத்தான் கடைசி நாள் அம்மன்ட கோபத்தத் தணிக்கிற குளிர்த்திச் சடங்கு. எங்கட பழைய ஆக்கள் "அம்மா, நீங்க கோபப்பட்டது பிழை" எண்டு ஒரு வரியும் பாடல்ல, கோபம் நியாயம் எண்டு முழுக்கதையையும் கேட்டு முடிச்ச பிறகுதான் குளிரப் பண்ணுறாங்க.

இத நான் வேலையிலயும் அப்பிடியே செய்றன். புருசனோட கோபம் எண்டு வாறவட்ட "அமைதியா இருங்க" எண்டு தொடங்கினா அவ எழும்பிப் போயிருவா. முதல்ல வழக்கு, ஆர் என்ன செஞ்ச, எது அநியாயம், அதுக்கு என்ன சாட்சி. கதச்சுக்கிட்டுப் போகேக்க சில நேரம் அவவே, "இல்ல மிஸ், இதுல அவர்ட பிழை இல்ல, மாமி சொன்னதத்தான் நான் அவர்ல போட்டுட்டன்" எண்டு சொல்லுவா. சில நேரம் கோபம் முழுக்க நியாயமா இரிக்கும், அப்ப பொலிசுக்கோ பிரதேச செயலகத்துக்கோ போறதுக்கு அந்தக் கோபந்தான் அவட கால்.

"யோசிக்காதீங்க" எண்டு சொன்னா ஏன் யோசன கூடுது?

குரங்க நெனைக்காம மருந்தக் குடி எண்டு சொன்ன கதைதான். 1987ல டானியல் வெக்னர் அத வெள்ளக் கரடிய வெச்சுச் சோதிச்சார், வெள்ளக் கரடிய நெனைக்க வேணாம், நெனச்சா மணி அடிங்க எண்டு சொன்னா ஆக்கள் மணி அடிச்சுக்கிட்டே இருந்தாங்க, பிறகு நெனைக்கலாம் எண்டு விட்டா முந்தியவிடக் கூட நெனச்சாங்க. நெனைக்கிறமா எண்டு பாக்கிறதுக்கே அத நெனைக்க வேண்டிக் கிடக்கு.

ஆனா யோசனயிலயும் ரெண்டு விதம் இரிக்கு, இதப் புடிச்சுக் கொண்டா காணும். "மாசம் எவ்வளவு கட்டணும், எங்க குறைக்கலாம்" எண்டு போற யோசன ஒரு இடத்துல போய் முடியும். "எனக்கு மட்டும் ஏன் இப்பிடி, நான் ஏன் அப்பிடிச் செஞ்ச" எண்டு சுத்துறது ஆலையில கட்டின மாடு மாதிரி, நடக்கும், ஊர் போய்ச் சேராது. அப்பிடிச் சுத்துறது மனச்சோர்வக் கூட்டும் எண்டு சூசன் நோலன் ஹோக்செமா எண்டவ பல வருசம் ஆராய்ஞ்சு காட்டினவ. சுத்தத் தொடங்கினா எழும்பி ஏதாவது கைவேல செய்யுங்க, முத்தம் கூட்டுங்க, தேங்காய் துருவுங்க. யோசிக்கிறதுக்கு பின்னேரம் அஞ்சு மணிக்கு அரை மணித்தியாலம் எண்டு நேரம் குறிச்சு வெக்கச் சொல்லியும் குடுக்கிறன், சில பேருக்கு அது நல்லா வேல செய்யுது.

உணர்ச்சிக்குப் பேர் வெச்சா குறையுமெண்டு சொல்றாங்களே, உண்மையா?

ஓரளவுக்கு உண்மை. 2007ல மத்தியூ லீபர்மன்ட குழு ஆக்களுக்குக் கோபமான முகம், பயந்த முகம் எண்டு படம் காட்டி மூளைய ஸ்கேன் பண்ணினாங்க. "இது கோபம்" எண்டு சொல்லால பேர் தெரிஞ்செடுத்த நேரம் அமிக்டலாட துடிப்பு குறஞ்சும் முன்மூளட வலப்பக்கத்துல ஒரு பகுதி கூடுதலா வேல செஞ்சும் இரிக்கு.

ஆனா சரியான பேரா இரிக்கணும். ஓ எல் எழுதின ஒரு பொடியன், காத்தான்குடிப் பக்கம். ரிசல்ட் வந்த நாளில இருந்து வீட்ட எல்லாரோடயும் சண்டை, உம்மா கொண்டு வந்தவ. "கோபமா மனே?" எண்டு கேட்டா, ஓம். கோபம் ஆரோட எண்டா ஒராளும் இல்ல. நான் ஒண்டும் சொல்லாம இருந்தன். மேசையில கிடந்த பேனைட மூடியக் கழட்டிக் கழட்டிப் பூட்டிக்கிட்டே இருந்தான், கன நேரத்துக்குப் பிறகு, "வாப்பா மஹ்ரிபுக்குப் பள்ளிக்குப் போறல்ல மிஸ், ஆக்கள் என்ட ரிசல்ட்டக் கேப்பாங்க எண்டு வீட்டயே தொழுறார்" எண்டான். அது கோபம் இல்ல, வெக்கம். அந்தச் சொல்ல நான் சொல்லல்ல, அவன்தான் கொஞ்சம் பொறுத்துச் சொன்னான், சொன்ன உடன அழுதுட்டான். கோபம் எண்டா ஒராளோட சண்ட புடிக்கணும், வெக்கம் எண்டா வாப்பாட்டக் கதைக்கணும். பேர் மாறினா செய்ய வேண்டிய வேலையும் மாறுது.

ஆம்பிளப் புள்ளயள் அழக் கூடாதா?

அழட்டும். முகத்துல காட்டாம அடக்கினா உள்ளுக்கும் அடங்கும் எண்டு நெனக்கிறம், குரோஸ், லெவன்சன் எண்டவங்க 1993ல செஞ்ச சோதனையில உணர்ச்சிய மறச்சவங்கட முகம் அமைதியா இருந்தாலும் உடம்புக்குள்ள பரபரப்புக் கூடித்தான் இருந்திச்சு. எங்கட செத்த வீடுகள்ல பொம்புளயள் கட்டிப் புடிச்சு ஒப்பாரி வெக்கிறாங்க, இறந்தவர்ட நல்ல குணம், செஞ்ச உதவி, விட்டுட்டுப் போன கடமை எல்லாம் அந்த அழுகைக்குள்ள வரிசையா வரும். ஆம்பிளயள் பந்தல்ல கதிரை அடுக்கிக்கிட்டு நிப்பாங்க. மூண்டு மாசம் கழிச்சு ஆர் குடிக்கத் தொடங்கியிரிக்காங்க எண்டு பாருங்க.

புத்தி சொல்லுது பயமில்ல எண்டு, ஆனா உடம்பு கேக்குதில்ல, ஏன்?

பெரியம்மா 2004க்குப் பிறகு கன வருசம் கடக்கரைக்குப் போகல்ல. "எனக்குத் தெரியும் மகள் இண்டைக்குக் கடல் வராதெண்டு, ஆனா கால் போகுதில்லயே புள்ள" எண்டுவா. இது முட்டாள்தனம் இல்ல. ஜோசப் லெடூ எண்டவர் எலிகள்ல ஆராய்ஞ்சு காட்டினது என்னெண்டா, ஆபத்துச் சத்தம் அமிக்டலாவுக்குப் போறதுக்கு ரெண்டு வழி இரிக்கு, ஒண்டு மூளைட மேற்பகுதியால ஆராய்ஞ்சு போறது, மற்றது குறுக்கு வழி. குறுக்கு வழியால போறது தெளிவில்லாதது, ஆனா கெதியாப் போயிரும். ஒராள் காரணம் சொல்லி முடிக்க முதல் உடம்பு தயாராகிரும்.

இன்னொண்டு, படிச்ச பயம் அழியிறதில்ல. புதுசா ஒரு பாதுகாப்பான ஞாபகம் அதுக்குப் பக்கத்துல வளருது, அவ்வளவுதான். அதனாலதான் பத்து வருசம் நல்லா இருந்தவங்களும் எச்சரிக்கைச் சத்தம் கேட்டா ஓடுறாங்க. அந்தப் புது ஞாபகம் விளக்கம் சொல்லி வளராது, கால் அங்க போய்த்தான் வளரும். பெரியம்மாவோட நான் முதல்ல ரோட்டு முனை வரைக்கும் போனன், அங்க நிண்டு கடல்ட சத்தத்த மட்டும் கேட்டம், திரும்பி வந்தம். அப்பிடிக் கன நாள். சவுக்கு மரத்தடி வரைக்கும் ஒரு மாசம் போச்சு. ஒரு நாள் அவவே செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு ஈர மணல்ல நிண்டா, அலை வந்து பாதத்த நனச்சிச்சு, என்ட தோளை இறுக்கிப் புடிச்சிரிந்தா, ஆனா ஓடல்ல. ஒண்டும் கதைக்கல்ல. திரும்பி வரேக்க "நாளைக்கு அவருக்கு ஒரு பூ கொண்டு வருவம்" எண்டா.

பெரிய முடிவு எடுக்கேக்க என்ன செய்ற? லோன், கலியாணம், வெளிநாடு?

முதல்ல நித்திர கொள்ளுங்க. நித்திர இல்லாத மூளைக்குச் சின்னது பெருசாத் தெரியும், அது ஆராய்ச்சியிலயும் தெளிவா இரிக்கு. பசியோடயும் முடிவு எடுக்க வேணாம்.

மறுகா அந்த உணர்ச்சியச் சாட்சிக் கூண்டுல ஏத்தி விசாரிங்க, நீ எங்க கண்டு வந்து இதச் சொல்றா எண்டு. மாடு வாங்க லோன் எடுக்கப் போன ஒரு அக்காவுக்கு ஃபோர்மக் கண்ட உடன வயித்தக் கலக்கினதாம், பயந்தாங்கொள்ளி எண்டு தன்னையே ஏசிக்கிட்டு வந்தா. விசாரிச்சுப் பாத்தா, முந்தி ஒருக்கா குழு லோன் எடுத்து, கிழமைக் காசு கட்ட ஏலாம, வீட்டு வாசல்ல ஆக்கள் வந்து பின்னேரம் வரைக்கும் இருந்தவங்க. வயிறு அத மறக்கல்ல. அப்ப அது நல்ல சாட்சி, கேக்கணும், வட்டி எவ்வளவு, மாடு செத்தா என்னத்தால கட்டுற எண்டு பேப்பர் பேனை எடுத்துக் கணக்குப் போடணும். அவ போட்டா, போட்டுட்டுக் கேட்ட காசுல பாதிய மட்டும் எடுத்தா. இன்னொராளுக்கு அதே கலக்கம் வெறும் பழக்கமில்லாத இடம் எண்டதால வந்திரிக்கும், அதுக்காக நல்ல வாய்ப்ப விடக் கூடாது. விசாரிக்காமத் தெரியாது.

சந்தோசத்தையும் விசாரிக்கணும், அத ஆரும் செய்றல்ல. ஏஜென்ட் நல்லாக் கதச்ச, கூல் பார்ல ஐஸ் சொக் வாங்கித் தந்த சந்தோசத்துல பாஸ்போர்ட்டக் குடுத்த பொடியன்மாரக் கண்டிரிக்கன்.

எப்ப ஆக்கள்ட உதவி தேடணும்?

ரெண்டு கிழமைக்கு மேல நித்திர, சாப்பாடு, வேல எல்லாம் குழம்பினா. செத்தா நல்லம் எண்ட யோசன ஒருக்கா வந்தாலும். ஆருக்கும் கேக்காத சத்தம் உங்களுக்கு மட்டும் கேட்டா. பெரிய ஆஸ்பத்திரிகள்ல உளநலப் பிரிவு இரிக்கு, பிரதேச செயலகத்துலயும் உளவளத்துணை செய்ற உத்தியோகத்தர் இரிப்பாங்க, போறதுக்கு ஆரும் உங்களுக்கு விசர் எண்டு சேட்டிபிக்கட் குடுக்கிறல்ல. தேசிய உளநல உதவி இலக்கம் 1926, தமிழ்லயும் கதைக்கலாம். தனியாப் போகப் பயமெண்டா ஒராளக் கூட்டிக்கிட்டுப் போங்க, வெளிய வாங்குல இருக்கச் சொல்லுங்க, அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க.